நடக்க இருந்த கலியாணம்: கடந்த நாளில் நின்று எதிர்காலத்தை ஆங்கிலத்தில் எழுதக் கற்ற அனுபவம்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், மாடிப்படியேறிச் செல்ல வேண்டிய ஒரு சிறிய அறையில் நான் மொழிபெயர்ப்புத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரான பெரியவர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அவரை எல்லோரும் ஐயா என்றே அழைத்தோம். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் கடிதம் என்று தமிழில் வந்தவை எல்லாம் ஆங்கிலமாகி, ஐயாவின் முத்திரையோடு வெளியே போயின. சான்றிதழ்களில் காலம் பற்றிய சிக்கல் பெரிதாக எழுவதில்லை. ஒரு படிவத்தை ஒருமுறை சரியாக அமைத்துக்கொண்டால், பெயரையும் திகதியையும் மாற்றிக்கொண்டே போகலாம். சிக்கல் விளக்கக் கடிதங்களில் இருந்தது. ஏன் பிந்தியது, ஏன் நடக்கவில்லை, அப்போது என்ன எண்ணியிருந்தோம் என்று மக்கள் எழுதும்போது, அவர்கள் ஒரு கடந்த நாளில் நின்றுகொண்டு அதற்குப் பின்வரும் நாளைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை ஒரு குடும்பத்தின் செலவில்தான் நான் அறிந்துகொண்டேன்.

பணிக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு தாய், மகளின் விசா விண்ணப்பத்தோடு இணைப்பதற்காக ஒரு கடிதத்தைக் கொண்டு வந்தார். ஒரே பக்கம், தன் கைப்பட எழுதியது. மகளுக்கு ஒரு சம்பந்தம் நிச்சயமாகியிருந்தது என்றும், மாப்பிள்ளையின் தகப்பனார் வைகாசி மாதம் காலமானார் என்றும் எழுதிவிட்டு, "மகளின் கலியாணம் ஆனி மாதம் 12ஆம் திகதி நல்லூரில் நடக்க இருந்தது" என்று முடித்திருந்தார். அது நடக்கவில்லை என்று அவர் தனியாக எழுதவில்லை. தமிழில் எழுத வேண்டிய தேவையும் இல்லை. "நடக்க இருந்தது" என்று படித்த மாத்திரத்தில், நடக்கவில்லை என்பதும் நமக்குக் கேட்டுவிடுகிறது.

நான் அந்த வரியை 'ஹர் மேரேஜ் வுட் டேக் பிளேஸ் இன் நல்லூர்' என்று திகதியோடு ஆங்கிலமாக்கினேன். 'வில்' என்பதன் இறந்தகாலம் 'வுட்', கடந்த காலத்திலிருந்து பார்த்த எதிர்காலத்துக்கு 'வுட்' போட வேண்டும் என்று பாடசாலையில் படித்த சூத்திரம் என் தலையில் இருந்தது. அன்று ஐயாவுக்கு வேலை மிகுதி. அவரும் வேகமாகப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டார். சில வாரங்களில் விண்ணப்பத்தைப் பரிசீலித்த அலுவலகத்திலிருந்து ஒரு கேள்விக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரி தன்னை மணமாகாதவர் என்று படிவத்தில் குறிப்பிட்டுள்ளார். தாயாரின் கடிதமோ ஆனி மாதத்தில் திருமணம் நடந்ததாகத் தெரிவிக்கிறது. ஆகவே விவாகப் பதிவுச் சான்றிதழை அனுப்புவதோடு இந்த முரண்பாட்டுக்கும் விளக்கம் தரவேண்டும் என்று அதில் இருந்தது.

அந்த அம்மா படியேறி வந்து, கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை, நடக்காத கலியாணத்துக்கு நான் எங்க போய் சேட்டிபிக்கற் எடுக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்தி, புதிய சத்தியக்கடதாசி முடித்து அனுப்பி, பதில் வருவதற்கு மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது.

ஐயா என்னை ஏசவில்லை. மூலக் கடிதத்தையும் என் ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கலியாணம் நடந்ததோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நீர் எழுதினதில அந்த 'இல்லை' எங்க இருக்குது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் எழுதிய வரியில் அது எங்குமே இல்லை. அதைவிட மோசம், ஆங்கிலத்தில் ஒரு நிகழ்ச்சியை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, 'சொன்னார்', 'நினைத்தார்' போன்ற வினை எதுவும் முன்னால் நில்லாமல் தனியாக வரும் 'வுட்', பெரும்பாலும் "பின்னர் இது நடந்தது" என்ற பொருளையே தருகிறது. வரலாற்று நூல்களில் அதை அடிக்கடி காணலாம். கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டு டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் முதற்கல்லை நாட்டினார் என்று எழுதும் ஓர் ஆங்கில ஆசிரியர், அந்தச் சுவர் 1885இல் நிறைவுபெற்றதையும், அதே இளவரசர் 1901இல் ஏழாம் எட்வர்டாக அரசரானதையும் 'வுட்' போட்டு எழுதுவார். அவர் வாசகரை 1875இன் கரையில் நிறுத்தி, இனி நடக்கப் போவதைக் காட்டுகிறார். காட்டியவை எல்லாம் நடந்து முடிந்தவை. என் வரியையும் அந்த அலுவலர் அப்படித்தான் படித்திருக்கிறார். அவர் மீது பிழையில்லை.

இதன் மறுபக்கத்தையும் பின்னர் கண்டேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும் இளையவர்கள், மேற்சொன்ன வகை வாக்கியத்தை "அவர் 1901இல் அரசராகவிருந்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் வாசகர் உடனே, ஏன் ஆகவில்லை, யார் தடுத்தார்கள் என்று கேட்பார். நடந்து முடிந்ததைத் தமிழ் "பின்னாளில் அரசரானார்" என்று நேராகச் சொல்லிவிடுகிறது. "பின்னாளில்" என்ற ஒரு சொல்லே பார்வையின் இடத்தைக் காட்டிவிடுகிறது. நடக்காமற் போனதற்குத்தான் தமிழ் "இருந்தது" என்ற துணையை அழைக்கிறது. ஆகவே "ஆகவிருந்தார்" என்பதும் 'வுட் பிகம்' என்பதும் அகராதியில் பக்கத்தில் நின்றாலும் வாக்கியத்தில் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் எடுத்தது.

அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் ஐயா எனக்கு இதையே விளங்கப்படுத்தினார். ஜேர்மனியில் பிறந்த தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947இல் முன்வைத்த ஒரு விளக்கத்தை அவர் எங்கள் கரையோர ரயில் பாதையில் வைத்துச் சொல்லித் தந்தார். வினைச்சொல்லின் காலத்தை அறிய, பேசும் நேரம், செயல் நிகழும் நேரம் என்ற இரண்டு போதாது. நாம் மனத்தால் எங்கே நின்று பார்க்கிறோம் என்ற மூன்றாவது நேரமும் வேண்டும் என்பதே ரைக்கன்பாக்கின் கருத்து. கோட்டையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் நீர் இப்போது தெஹிவளையில் இருக்கிறீர் என்று வைத்துக்கொள்ளும், என்றார் ஐயா. அங்கே இருந்தபடி, சற்று முன்னர் கொள்ளுப்பிட்டியில் நின்ற கணத்தை நினைக்கிறீர். அந்தக் கணத்திலிருந்து பார்த்தால் பம்பலப்பிட்டி எதிர்காலம், வெள்ளவத்தையும் எதிர்காலம், கல்கிசையும் எதிர்காலம். தெஹிவளையில் இருக்கும் உமக்கோ முதலிரண்டும் கடந்து போனவை. கல்கிசை மட்டும் இன்னும் வரவில்லை. கொள்ளுப்பிட்டியில் நின்று பார்த்ததை ஆங்கிலம் சொல்லும்போது, அந்த நிலையம் இப்போது கடந்துவிட்டதா, வரவில்லையா, அல்லது ரயில் அங்கே நிற்காமலே போய்விட்டதா என்பதை 'வுட்' தானாகச் சொல்லாது. அதை வேறொன்று சொல்ல வேண்டும்.

இந்தப் படம் எனக்கு எந்த இலக்கண நூலையும் விட அதிகம் உதவியது. இன்றும் சிக்கலான வாக்கியம் ஒன்று வந்தால் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு மூன்று புள்ளி வைத்துக்கொள்கிறேன்: எழுதுபவர் இன்று எங்கே இருக்கிறார், எந்த நாளில் நின்று பார்க்கிறார், எந்த நாளைப் பார்க்கிறார்.

அடுத்ததாக நான் கற்றது, தமிழில் இதற்கு எவ்வளவு வளம் இருக்கிறது என்பதையே. ஆங்கிலம் கற்கும்போது நம் மொழியை மறந்துவிட வேண்டும் என்று சில வகுப்புகளில் சொல்லுவார்கள். இந்த விடயத்தில் அது பெருந்தவறு என்பது என் உறுதியான கருத்து. "போக இருந்தேன்", "போவதாக இருந்தேன்", "போகப் போன நேரத்தில்", "போகும் தறுவாயில்", "போவேன் என்று சொன்னேன்", "போவதாகச் சொன்னேன்" ஆகிய ஒவ்வொன்றும் கடந்த காலத்தில் நின்று பார்த்த எதிர்காலமே. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு உருவம் உண்டு. பாடப்புத்தகம் அவை எல்லாவற்றையும் 'வுட்' என்ற ஒரே வாசலால் அனுப்பிவிட்டதுதான் எனக்கு நேர்ந்த இடர்.

"போக இருந்தேன்" என்பதற்கு மிக நெருங்கி வருவது 'வாஸ் கோயிங் டு'. பேசுபவரிடம் ஒரு நோக்கம் இருந்தது, அல்லது அது நடக்கப் போவதற்கு அறிகுறி இருந்தது என்பதை இது காட்டும். வேறு எதுவும் சொல்லாமல் விட்டால், அது கைகூடவில்லை என்ற எண்ணத்தையும் வாசகரிடம் ஏற்படுத்தும். ஆனாலும் இது கட்டாயமில்லை. மழை வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது, அப்படியே வந்தது என்று எழுதும்போதும் இதே உருவம் பொருந்தும். ஆகவே விசாக் கடிதத்திலோ சத்தியக்கடதாசியிலோ இந்த உருவத்தை மட்டும் நம்பி நடக்கவில்லை என்பதை விட்டுவிடக் கூடாது.

ஒழுங்கு செய்யப்பட்ட நிகழ்ச்சிக்கு 'வாஸ் டு' என்ற உருவம் அரச கடிதங்களிலும் செய்தித்தாள்களிலும் அதிகம் வரும். கப்பல் ஐந்தாம் திகதி வருவதாக இருந்தது, கூட்டம் மறுநாள் நடைபெறுவதாக இருந்தது என்பவை அப்படிப்பட்டவை. இதில் ஒரு மயக்கம் உண்டு. இதே 'வாஸ் டு' விதியையும் சொல்லும். அதன்பின் அவர் தன் ஊரை ஒருபோதும் காணவில்லை என்பதை ஆங்கிலத்தில் 'ஹி வாஸ் நெவர் டு ஸீ' என்று எழுதினால், அது திட்டத்தைக் குறிக்காமல் நடந்து முடிந்த ஒன்றைக் குறிக்கிறது. திட்டம் கைகூடவில்லை என்பதை ஐயமற உணர்த்த 'வாஸ் டு ஹாவ்' என்று எழுதி அதன்பின் வினையின் முடிந்த வடிவத்தைச் சேர்க்க வேண்டும். கொழும்பு வாசகர் அறிந்த ஒரு வரலாறே இதற்கு எனக்கு நினைவு வரும் உதாரணம். அரிச்சந்திரன் நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் பெயர்த்த சர் முத்து குமாரசுவாமியின் மனைவியும், 1877இல் கொழும்பில் பிறந்த சிறு மகன் ஆனந்த குமாரசுவாமியும் இங்கிலாந்து சென்றிருந்தனர். அவர்களோடு சேர்ந்துகொள்ளவிருந்த தந்தை, 1879இல் பயணப்படுவதற்கு முன்பே காலமாகிவிட்டார். "சேர்ந்துகொள்ளவிருந்தார்" என்ற அந்த ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'வாஸ் டு ஹாவ் ஜொய்ன்ட்' என்று எழுதினால், அவர் போய்ச் சேரவில்லை என்பது அந்த உருவத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த மகன் பிற்காலத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றியதைச் சொல்லும்போதோ, அதே பத்தியில் 'வுட்' வரும், அது நடந்தது. ஒரே குடும்பத்தின் இரண்டு எதிர்காலங்கள், ஒன்று நிறைவேறியது, ஒன்று நிறைவேறாதது, இரண்டு உருவங்களில் நிற்கின்றன.

அந்தத் தாயின் கடிதத்தையும் நாங்கள் இந்த உருவத்தில்தான் திருத்தினோம்: 'வாஸ் டு ஹாவ் டேக்கன் பிளேஸ்'. அதோடு ஐயா இன்னொன்றையும் செய்தார். "அது நடைபெறவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிடலாமா என்று நான் கேட்டபோது, மூலத்தில் இல்லாத ஒரு வரிக்குத் தான் சத்தியம் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் தமிழிலேயே அந்த வரியைச் சேர்த்து புதிதாக எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். இன்று என்னிடம் வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நடக்க இருந்தது என்று எழுதினால், நடந்ததா இல்லையா என்பதை அடுத்த வாக்கியத்தில் தனியாக எழுதிவிடுங்கள். தமிழ் வாசகருக்கு அது மிகையாகத் தோன்றலாம். ஆங்கிலத்தில் படித்து முடிவெடுக்கும் அந்நிய அலுவலருக்கு அது தேவை.

கணத்தை மட்டும் குறிக்கும் 'வாஸ் அபவுட் டு' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படியிறங்கும் தறுவாயில் தொலைபேசி ஒலித்தது என்பது போன்ற இடத்துக்கு அது உரியது. அதோடு 'அடுத்த வாரம்' போன்ற தொலைவான காலத்தைச் சேர்க்காதிருந்தால் போதும்.

'வுட்' என்ற சொல்லின் மற்ற முகங்களைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடிதங்களில் அதிகமான பிழை அங்கேதான் நேர்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'வில்லன்' என்ற வினைக்கு விரும்புதல் என்பது பொருள். அதன் இறந்தகாலம் 'வொல்டெ'. இன்றைய 'வில்', 'வுட்' இரண்டும் அந்த வழியில் வந்தவை. ஆங்கிலத்துக்கென்று வினையின் உருவத்தையே மாற்றிக் காட்டும் எதிர்கால விகுதி கிடையாது; விருப்பத்தைச் சொன்ன வினை ஒன்று நாளடைவில் எதிர்காலத்தின் பணியை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பழைய விருப்பம் முழுதாக மறைந்துவிடவில்லை. எதிர்மறையில் அது தலைகாட்டும். காணிப் பங்கீடு பற்றிய ஒரு கடிதத்தில், "தம்பி அன்று கையொப்பமிடுவதாக இருக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். தம்பியின் முறை வேறொரு நாளில் வைக்கப்பட்டிருந்தது என்பதே பொருள். அதை உதவியாளர் ஒருவர் 'வுட் நொட் சைன்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் அதைப் படிப்பவர், தம்பி கையொப்பமிட மறுத்தார் என்றே விளங்கிக்கொள்வார். சட்டத்தரணியிடம் போவதற்கு முன் அது என் கண்ணில் பட்டது. பட்டிராவிட்டால் இரண்டு சகோதரருக்கிடையில் இல்லாத ஒரு பிணக்கு தாளில் ஏறியிருக்கும். தமிழிலும் "மாட்டார்" என்பதற்கு இதே இரட்டைத் தன்மை உண்டு. "நாளைக்கு வரமாட்டார்" என்றால் வருகை இல்லை என்ற செய்தி. "எவ்வளவு கேட்டும் வரமாட்டாராம்" என்றால் மறுப்பு. தம்பியின் கடிதத்தில் "மாட்டார்" இல்லை, "இருக்கவில்லை" தான் இருந்தது என்பதை உதவியாளருக்குக் காட்டியபோது அவருக்கு உடனே விளங்கியது. 'வாஸ் நொட் டியூ டு சைன்' என்று எழுதினோம்.

'வுட்' கடந்தகால வழக்கத்தையும் சொல்லும். "அப்பா ஒவ்வொரு மாதமும் பணம் அனுப்புவார்" என்று மறைந்த தந்தையைப் பற்றி ஒரு மகள் எழுதினால், அது அவர் வழமையாகச் செய்துவந்ததைக் குறிக்கிறது. இங்கே 'வுட் சென்ட்' சரியானதே. இதில் தமிழும் ஆங்கிலமும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபடுகின்றன. "அந்தக் காலத்தில் மாலையானால் காலி முகத்திடலுக்குப் போவோம், கடலை வாங்குவோம், இருட்டும் வரை இருப்போம்" என்று நாம் சொல்லும்போது எதிர்கால உருவத்தைக் கொண்டே இறந்தகால வழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதே பணியை 'வுட்' செய்கிறது. இப்படி ஒத்துப்போகும் இடத்தில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது: வழக்கத்தைச் சொல்லும் 'வுட்' செயல்களுக்கே வரும், நிலைகளுக்கு வராது. "அப்போது மருதானையில் வீடு வைத்திருந்தோம்" என்பதற்கு 'யூஸ்ட் டு' வேண்டும். மேலும், "அவர் பணம் தருவதாகச் சொன்னார்" என்ற ஒருமுறை வாக்குறுதியை, 'சொன்னார்' என்ற பகுதியை விட்டுவிட்டு 'வுட் பே' என்று மட்டும் எழுதினால், அவர் தொடர்ந்து பணம் தந்துவந்தார் என்று ஆகிவிடும். கடன் விவகாரங்களில் இந்த ஒரு விடுபடல் போதும், பொருள் தலைகீழாகிவிடும்.

இனி அயற்கூற்று. பாடசாலையில் எல்லோரும் படித்தது, எல்லோரும் பிழைவிடுவது இதுவே. தமிழில் "என்று" என்ற சொல் பேசியவரின் வாய்மொழியை அப்படியே ஏந்திக்கொள்கிறது. "வாறன் எண்டு சொன்னவர்" என்றால் அவர் சொன்ன "வாறன்" மாறாமல் உள்ளே இருக்கிறது. சிங்களத்திலும் அப்படித்தான். கீழ்மாடியில் தட்டச்சு நிலையம் வைத்திருந்த சிங்களப் பெண்மணி "எனவா கியலா கிவ்வா" என்று சொல்லிக் காட்டி, தானும் பாடசாலையில் இதே பிழையை விட்டதாகச் சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த நகரத்தின் இரண்டு மொழிகளும் பேச்சைப் பேச்சாகவே எடுத்து வைக்கின்றன. ஆங்கிலமோ சொன்னவரின் நேரத்துக்கு ஏற்ப உள்ளிருக்கும் வினையை ஒருபடி பின்னே தள்ளுகிறது. 'வில்' 'வுட்' ஆகும். அதோடு நாளை என்பது மறுநாள் ஆகும், இன்று அன்று ஆகும், இங்கே அங்கே ஆகும். வினையை மட்டும் மாற்றிவிட்டு 'டுமோரோ' என்பதை அப்படியே விட்டுவைத்த கடிதங்கள் ஏராளம். கடிதத்தைப் படிப்பவர் எந்த நாளை என்று அறியமாட்டார். ஆகவே இயன்றவரை திகதியையே எழுதிவிடுவது என் வழக்கம்.

நல்ல தமிழில் அயற்கூற்றுக்கு "தான் வருவதாகச் சொன்னார்" என்ற வடிவமும் உண்டு. அதில் "தான்" என்பது, வரப்போகிறவர் சொன்னவரே, வேறொருவர் அல்லர் என்பதை உறுதிப்படுத்திவிடுகிறது. ஆங்கிலத்தின் 'ஹி' அதைச் செய்யாது. 'ஹி செட் ஹி வுட் கம்' என்பதில் இரண்டாவது 'ஹி' யார் என்பது சூழலைப் பொறுத்தது. அண்ணன், தம்பி, மைத்துனர் மூவரும் வரும் கடிதத்தில் நான் ஒவ்வோர் இடத்திலும் பெயரையே எழுதுவேன். நடை சற்றுக் கனத்துவிடும்; கனக்கட்டும்.

எப்போதும் 'வுட்' ஆக மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். சொன்ன விடயம் இன்றும் எதிர்காலமாகவே இருந்தால், மேலே சொன்ன ரயிலில் அது கல்கிசையாக இருந்தால், 'வில்' என்றே விடுவதை ஆங்கிலம் அனுமதிக்கிறது. அடுத்த மாதம் சத்திரசிகிச்சை நடக்கும் என்று வைத்தியர் நேற்றுச் சொன்னார் என்று இன்று எழுதினால் 'வில்' பிழையன்று. எனினும், ஓர் ஆவணம் எப்போது படிக்கப்படும் என்பது நம் கையில் இல்லை; ஆறு மாதம் கழித்து ஒருவர் கோப்பைத் திறக்கும்போது அந்த 'வில்' பழுதாகியிருக்கும். ஆகவே ஆவணத்தில் 'வுட்' போட்டுத் திகதியையும் சேர்த்துவிடுகிறேன்.

இன்னொரு நுட்பம். கொழும்பு வந்ததும் தொலைபேசி எடுப்பதாகச் சொன்னார் என்ற வாக்கியத்தில், வருவதும் எதிர்காலம், தொலைபேசி எடுப்பதும் எதிர்காலம். அதனால் இரண்டுக்கும் 'வுட்' போட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'வென்', 'அன்டில்', 'பிஃபோர்' போன்ற சொற்களால் தொடங்கும் காலப்பகுதியில் 'வுட்' வராது; அங்கே எளிய இறந்தகாலமே வரும். இதை விதியாக மனனம் செய்யும் மாணவர் மறந்துவிடுகிறார். தமிழைக் கவனித்தவர் மறப்பதில்லை. ஏனென்றால் நாமும் "வரும்" என்று சொல்லாமல் "வந்ததும்" என்று இறந்தகால உருவத்தைத்தான் சொல்கிறோம், வருகை இன்னும் நிகழாதபோதும். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றால் முக்காலமும் ஒன்றுக்கொன்று இடம் மாறி வரலாம் என்று நன்னூல் சொல்கிறது. சாப்பிட அழைக்கும் தாய்க்கு, எழுந்திராமலே "இந்தா வந்திட்டன்" என்று பிள்ளை சொல்வது அந்த விரைவு. கால உருவம் வேறு, காலம் வேறு என்பது நம் இலக்கண மரபுக்குப் பழகிய எண்ணம். ஆங்கிலம் படிக்கும்போது அதை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த அறையில் நான்தான் முத்திரை வைக்கிறேன், ஐயா இல்லை. இரண்டு உதவியாளர்கள் என்னிடம் பழகுகிறார்கள். அவர்களுக்கு மாற்ற அட்டவணைகளை நான் கொடுப்பதில்லை. தமிழ் மூலத்தில் "இருந்தது", "இருந்தார்", "என்று", "வதாக", "தறுவாயில்" ஆகியவை வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் நடந்தது, நடக்கவில்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்றை எழுதச் சொல்கிறேன். அதன் பின்பே ஆங்கிலத்தைத் தொடலாம். நடந்தது என்றால் எளிய இறந்தகாலமோ, கதைப்போக்கில் வரும் 'வுட்'டோ. நடக்கவில்லை என்றால் 'வாஸ் டு ஹாவ்', அல்லது 'வாஸ் கோயிங் டு' எழுதி அடுத்த வரியில் நடக்காததைச் சொல்லல். தெரியாது என்றால், சொன்னவரின் பெயரையும் 'செட்' என்பதையும் முன்னிறுத்தி அதன்பின் 'வுட்'. "தெரியாது" என்று எழுதும் இடத்தில் பெரும்பாலும் தொலைபேசி எடுத்து வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு நேரம் எடுக்கும். கூட்டமாக இருக்கும் நாட்களில் வெளியே காத்திருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனாலும் கேட்காமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது என்பதை நான் விட்டுக்கொடுத்ததில்லை.

சென்ற வாரம் தெஹிவளையிலிருந்து ஒரு முதியவர், இறந்துபோன தன் நண்பருக்கும் தனக்கும் இடையிலான ஒரு கொடுக்கல் வாங்கல் பற்றி எழுதிய கடிதத்தோடு வந்தார். "தைப்பொங்கலுக்கு முதல் காசைத் தாறன் எண்டு சொன்னவர்" என்று அதில் ஒரு வரி. இளைய உதவியாளர் பென்சிலால் கோடிட்டுவிட்டு, ஆங்கிலத்தைத் தொடாமல் தலை நிமிர்ந்து, "ஐயா, தந்தவரோ?" என்று கேட்டார். முதியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தந்தவர், பிள்ளை. பொங்கலன்று காலமை தானே கொண்டுவந்து தந்தவர். அதை நான் எழுத மறந்துபோனன்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தைத் திருப்பி வாங்கி, எங்கள் மேசையிலேயே அமர்ந்து அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரியை எழுதத் தொடங்கினார்.